எனக்குக் கேட்காத விசில்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் கார்களுக்குப் பாட்டுச் செட் மாட்டுகிறவர்கள் நாலைந்து பேர்தான் இருந்தோம். பனியன் கம்பெனி வைத்திருந்தவர்கள் அப்போதுதான் வரிசையாகக் கார் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஏற்றுமதி விஷயமாகச் சிங்கப்பூர் போனவர்கள் திரும்பி வரும்போது பெட்டியில் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரும் மேளத்தை அதிரவைக்கும் ஊஃபர் ஸ்பீக்கரும் இருக்கும். ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் அதைக் காரில் எப்படி மாட்டுவது என்று யோசிப்பார்கள். யாராவது ஒருவர் என் பெயரைச் சொல்லி அனுப்புவார்.

பல்லடம் ரோட்டில் ஒரு கார் பட்டறைக்குப் பின்பக்கம் தகரக் கூரை போட்ட கொட்டகைதான் என் கடை. போர்டு கிடையாது. ஒரு மேஜை, சால்டரிங் அயர்ன், மீட்டர், வண்டியின் தரை விரிப்பைத் தூக்கி ஒயர் இழுப்பதற்கு வளைத்து வைத்த கம்பிகள், சோதனை பார்ப்பதற்கென்று ஒரே ஒரு கேசட். கொட்டகையை ஒட்டி ஓர் அறை. அதில் படுக்கை.

என் சொந்த ஊர் ஊத்துக்குளிக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அண்ணன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். எனக்கு இரண்டு இடத்தில் பெண் பார்த்து, இரண்டும் தட்டிப்போயின. அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. இருபது வயதில் திருப்பூருக்கு வந்து நிட்டிங் மெஷினில் சேர்ந்தேன். நூலை வட்டமாகப் பின்னித் துணியாக இறக்கும் இயந்திரம் அது. ஒரே கூடத்தில் பத்துப் பன்னிரண்டு ஓடும். பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். ஒன்பது வருடம் அப்படி நின்றேன். நடுவில் தபாலில் ரேடியோ மெக்கானிசம் படித்து, கம்பெனியை விட்டு விலகி, முதலில் டேப் ரெக்கார்டர் ரிப்பேர், அப்புறம் கார் என்று வந்து சேர்ந்தேன்.

இந்த வேலையில் நாள் முழுக்க அடுத்தவர்களுடைய காரில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களுடைய சீட்டில் உட்கார்ந்து, அவர்களுடைய பாட்டைக் கேட்டு, அவர்களுடைய குழந்தைகள் சீட்டுக்கடியில் விட்டுப்போன மிட்டாய்க் காகிதத்தை எடுத்து வெளியே போட்டு, சாயங்காலம் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு வண்டியில் பின்சீட்டுக்கு அடியில் கொலுசு கிடைத்தது. எடுத்துக் கொடுத்தபோது அந்தக் குடும்பமே அதைப் பற்றி ஒருவருக்கொருவர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்தபடி அவர்கள் பேசி முடிக்கக் காத்திருந்தேன். இப்படித்தான் எனக்கு ஊர் ஜனங்களோடு பழக்கம்.

விசில் கோளாறோடு அந்த அம்மா என் கடைக்கு வந்தது ஒரு மத்தியான வேளை. சாம்பல் நிறக் கார். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் இறங்கியதும் பட்டறையில் இருந்தவர்கள் எல்லாம் கையிலிருந்த வேலையை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் அது அப்படித்தான். அவருக்கு என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து முப்பத்தாறு. வேலம்பாளையத்தில் சொந்தமாகத் தையல் யூனிட் நடத்துவதாகவும், ஞாயிற்றுக்கிழமை தோறும் வெள்ளகோவில் பக்கம் அப்பன் தோட்டத்துக்குப் போய் வருவதாகவும் சொன்னார். கல்யாணம் ஆனவரா இல்லையா என்று நான் கேட்டதில்லை. அவராகவும் சொன்னதில்லை. காரில் செட்டும், டிக்கியில் ஆம்ப்ளிஃபயரும் ஊஃபரும் ஏற்கனவே வேறு யாரோ மாட்டியிருந்தார்கள்.

"ஏனுங்ணா, பாட்டோட சேந்து ஒரு விசில் வருதுங்க" என்றார். "சன்னமா இருக்குது. வண்டிய வேகம் புடிச்சா அதும் கூடவே மேல ஏறுதுங்க. வெள்ளகோயில் போய்ச் சேர்றதுக்குள்ள மண்டைக்குள்ள பூந்துக்குது."

இது எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிற கோளாறுதான். கார் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவிலிருந்து ஒரு மெல்லிய கூச்சல் கிளம்பும். கரன்ட் திரும்பிப் போக வண்டித் தகரத்தில் முறுக்கும் எர்த் ஒயர் எங்காவது சரியாகப் பிடிக்கவில்லை என்றால் அந்தக் கூச்சல் பாட்டு போகிற ஒயருக்குள் நுழைந்து ஸ்பீக்கர் வழியாக வந்துவிடும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க விசிலும் ஏறும்.

நான் உள்ளே உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டு மிதித்துப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே குனிந்து, "கேக்குதுங்களா?" என்றார்.

"ஆமாங்க, கேக்குது" என்றேன்.

அது பொய் என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. இப்போது யோசித்தால், அதற்கு முன்னாலும் ஒன்றிரண்டு வருடமாக நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். வருகிறவர் விசில் என்பார். நான் ஆமாங்க என்பேன். விசில் என்றால் எங்கே பார்க்க வேண்டும் என்பது கைக்குப் பழகியிருந்தது. பார்த்துச் சரி செய்துவிடுவேன், அவரும் சந்தோஷமாகப் போவார். என் காது அதில் எந்த வேலையும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க எனக்குச் சந்தர்ப்பமே வரவில்லை.

டிக்கியைத் திறந்து பார்த்ததும் காரணம் தெரிந்தது. ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஒயரைப் பெயின்டின் மேலேயே வைத்து முறுக்கியிருந்தார்கள். பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் தகரத்தில் முறுக்கினால் போதும். போல்ட்டைக் கழற்றி ஒயரைத் தனியாக எடுத்தேன். பாட்டை நிறுத்தாமலே எடுத்தேன், அது என் அவசர புத்தி. ஊஃபர் ஒரு தடவை கரகரத்தது. எர்த் கழன்ற பிறகும் ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு ஒரு நொடி எரிந்துகொண்டிருந்து, பிறகு அணைந்தது. நான் உப்புத்தாளை எடுத்துத் தகரத்தைத் தேய்க்கத் தொடங்கினேன்.

முடித்து ஓட்டிக் காட்டியபோது பட்டறையில் ஒரு லாரியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கும் சரியாகக் கேட்கவில்லை. "இப்ப இல்லீங்க" என்றேன். நம்பிக்கையோடு போனார்.

நாலாம் நாள் திரும்பி வந்தார். விசில் குறையவில்லை, முன்னைவிட அதிகமாக இருக்கிறது என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் முகத்தில் காட்டவில்லை. டேஷ்போர்டில் இருக்கும் செட்டிலிருந்து டிக்கிக்குப் பாட்டைக் கொண்டுபோகும் சிக்னல் ஒயர், கரன்ட் ஒயரோடு ஒரே பக்கமாகப் போயிருந்தது. அதை எடுத்துவிட்டு நல்ல ஒயராக, வலது பக்கம் வழியாக, தரை விரிப்புக்கு அடியில் புதிதாக இழுத்தேன். அரை நாள் ஆனது. அவர் பட்டறை வாசலில் வேப்ப மர நிழலில் நின்று ஒரு நோட்டில் ஏதோ படம் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு எட்டிப் பார்த்தபோது, சட்டைக் கையை வெட்டுவதற்கான அளவுப் படம் என்று தெரிந்தது.

"போயிருச்சுங்க" என்றேன். அவர் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். பேனட்டின் மேல் கண்ணை வைத்தபடி கொஞ்ச நேரம் கேட்டார். "செரிங்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மூன்றாவது முறை வந்தது இரண்டு வாரம் கழித்து. அன்று அவர் இறங்கவே இல்லை. பக்கத்துச் சீட்டில் என்னை உட்காரச் சொன்னார். ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றினார். பாட்டை நிறுத்திவிட்டுச் செட்டை மட்டும் ஓடவிட்டு, ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்தார், விட்டார், மறுபடியும் மிதித்தார். வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு அது கேக்கறதே இல்லீங்களா?" என்றார்.

சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டார். கேலியோ கோபமோ எதுவும் இல்லை. ஆனால் எனக்குக் கன்னத்தில் சூடு ஏறியது. ஆறேழு வருடமாக இதே வேலை செய்கிறேன், சத்தம் இருந்தால் எனக்குத் தெரியாதா என்று சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவர் ஆக்சிலேட்டரை விட்டு, ஜன்னல் கண்ணாடிகளை இறக்கினார். பிறகு, "செரிங்ணா, வர்றேன்" என்றார். நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன்.

வேலை தெரியாதவர்கள் இப்படித்தான் ஒன்று பிடித்துக்கொண்டால் விட மாட்டார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் அப்படியே நம்பினேன்.

மூன்றாம் நாள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் கையில் ஒரு டிஜிட்டல் வாட்ச் கட்டியிருந்தார். அவர் பாலை ஆற்றிக்கொண்டிருந்தவர், சட்டென்று மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். பெஞ்சில் இருந்த இன்னொருவரும் நிமிர்ந்து, "பத்தாயிருச்சா" என்றார். நான் கடைக்காரரிடம், அது சத்தம் போட்டதா என்று கேட்டேன். மணிக்கு ஒரு தடவை போடுமே, நீங்கள் கேட்டதில்லையா என்றார். வருடக்கணக்கில் தினமும் அந்தக் கடையில் அந்தப் பெஞ்சில் உட்காருகிறவன் நான்.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்தேன். இடது காதில் ஒன்றுமில்லை. வலது காதில் அழுத்தி வைத்தால் ஏதோ அசைவது மாதிரி ஒரு ஞாபகம், அவ்வளவுதான். சாவிக்கொத்தை எடுத்து ஆட்டினேன். இரும்பு இரும்பில் படுவது தெரிந்தது, கிணுகிணுப்பு இல்லை.

அன்று சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் போய் நின்றேன். புல்லும் சீமைக் கருவேலமும் மண்டிய இடம். நான் திருப்பூர் வந்த புதிதில் பொழுது சாய்ந்ததும் சில்வண்டுகள் கத்துகிற கத்தல் காதைத் துளைக்கும். அப்புறம் அது நின்றுபோனது. சாயப்பட்டறைகள் பெருகிவிட்டன, வீடுகள் வந்துவிட்டன, அதுகளும் ஊரை விட்டுப் போய்விட்டன என்று நினைத்திருந்தேன். ஒரு தடவை யாரிடமோ அப்படிச் சொல்லியும் இருக்கிறேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது இப்போது ஞாபகம் வந்தது. பட்டறைக் காவலாளி தண்ணீர் பிடிக்க வந்தார். தென்பக்கத்துக்காரர், தூத்துக்குடிப் பக்கம். இங்கே சில்வண்டு கத்துகிறதா என்று அவரிடம் கேட்டேன்.

"கேக்கலையாக்கும்? காதப் போட்டு அறுக்கே" என்றார்.

அவர் குடத்தை எடுத்துக்கொண்டு போன பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். சுற்றி எல்லாமே கத்திக்கொண்டிருக்கிறது, நான் மட்டும் அமைதியில் நிற்கிறேன். எத்தனை வருடமாக என்று எனக்கே தெரியாது. அந்த நேரத்தில் அண்ணனையோ, செத்துப்போன அம்மாவையோ நினைக்கவில்லை. சாம்பல் நிறக் கார் அம்மாவிடம் குரலை உயர்த்தியதைத்தான் நினைத்தேன்.

மறுவாரம் கோயமுத்தூரில் காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். முதலில் தடித்த சத்தங்கள் வந்தன. எருமை தொலைவில் கத்துவது மாதிரி. அமுக்கினேன். கொஞ்சம் மெலிந்தது. அமுக்கினேன். அப்புறம் சத்தமே வரவில்லை. மெஷினை நிறுத்திவிட்டார்கள் போல என்று நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸ் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், மறுபடி ஒரு குமிழைத் திருகினார், எழுதினார், திருகினார். அப்போதுதான் புரிந்தது, சத்தங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பட்டனைப் பிடித்திருந்த கட்டைவிரலை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் காட்டிய காகிதத்தில் ஒரு கோடு பாதி தூரம் நேராக வந்து, அப்புறம் கிணற்றுக்குள் விழுவது மாதிரி இறங்கியிருந்தது. எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டார். நிட்டிங்கில் ஒன்பது வருடம் என்றதும் தலையை ஆட்டினார். திருப்பூரிலிருந்து வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும். சன்னமான சத்தங்களைக் கேட்கும் நரம்பு போய்விட்டது, அது திரும்பி வராது, பேச்சும் தடித்த சத்தமும் கேட்கும், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். ஊஃபர் மாட்டுகிற வேலை என்று நான் சொல்லவில்லை. கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். யாருமில்லீங்க என்றேன். இரண்டு காதுக்கும் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அது எதற்கு என்று இன்றுவரை தெரியாது.

பத்து நாள் கொட்டகையைத் திறக்கவில்லை. பட்டறைக்காரர் ஒரு தடவை கதவைத் தட்டி, காய்ச்சலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு தொழில் என்ன தெரியும் என்று யோசித்துப் பார்த்தேன். திரும்ப நிட்டிங்குக்குப் போகலாம், அங்கே காது வேண்டியதில்லை.

நாலைந்து நாள் கழித்து, வேறு எதையும் யோசிக்கப் பிடிக்காமல், சாம்பல் நிறக் காரைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். விசில் இருக்கிறது, நான் வேலை செய்த பிறகு அதிகமாகியிருக்கிறது. அப்படியென்றால் நான் செய்த ஏதோ ஒன்றுதான் காரணம். முதல் நாள் செய்தவற்றை வரிசையாக மனதுக்குள் செய்து பார்த்தேன். போல்ட்டைக் கழற்றினேன். ஒயரை எடுத்தேன். சிவப்பு விளக்கு ஒரு நொடி எரிந்தது.

எர்த் இல்லாமல் விளக்கு எப்படி எரியும்?

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆம்ப்ளிஃபயர் தன் கரன்ட்டைத் திருப்பி அனுப்ப வேறு வழி தேடியிருக்கிறது. இருந்த ஒரே வழி சிக்னல் ஒயரைச் சுற்றியிருக்கும் கம்பி வலை. பாட்டு மட்டும் போக வேண்டிய அந்த மெல்லிய வழியில் மொத்தக் கரன்ட்டும் பாய்ந்து, முன்னால் செட்டுக்குள் பலகையில் ஓடும் முடி மாதிரியான செம்பு இழையைச் சுட்டுத் தீய்த்திருக்கிறது. அது போன பிறகு விசில் உள்ளே வர வாசலே திறந்துவிட்டது மாதிரி ஆகியிருக்கும். பெயின்டால் வந்த பழைய கோளாறை நான் சரி செய்தேன். அதே கையோடு புதிய கோளாறை உண்டாக்கினேன். பாட்டை நிறுத்திவிட்டு எர்த்தைக் கழற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் வேலம்பாளையம் போனேன். அவருடைய யூனிட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். ஓட்டு வீடு ஒன்றை இடித்துக் கட்டிய நீளமான கூடம். முப்பது மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் கட்டிங் மேஜையருகே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் வெளியே வந்தார். பஸ்ஸில் வரும்போதே சொல்ல வேண்டியதைப் பல தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.

"ரெண்டு விசியம் சொல்லோணுமுங்க" என்றேன். "உங்க செட்டைக் கெடுத்தது நாந்தானுங்க. பாட்டு ஓடறப்பவே எர்த்தைக் கழட்டிட்டேன். இன்னொண்ணு, அந்த விசில் எனக்குக் கேக்காதுங்க. மொத நாளே கேக்கலீங்க."

அவர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"கேக்கலீன்னு அன்னிக்கே தெரியுமுங்ணா" என்றார். "எங்கப்பனுக்கும் அப்படித்தானுங்க. கேட்ட மாதிரியே தலைய ஆட்டுவாரு. அந்த மூஞ்சி எனக்கு நல்லாத் தெரியும்."

அப்படியென்றால் ஏன் வேறு ஆளிடம் போகவில்லை என்று கேட்டேன். வேறு ஒருவரிடமும் காட்டியதாகவும், அவர் ஊஃபரையே மாற்ற வேண்டும் என்றதாகவும் சொன்னார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போவதற்கு முன்னால் வருகிறேன் என்றார்.

ஞாயிறு பட்டறைக்கு விடுமுறை. வாசலில் ஒரு சத்தமும் இல்லை, அதாவது எனக்குக் கேட்கும் சத்தம் எதுவும் இல்லை. காலை எட்டு மணிக்குக் கார் வந்தது. அவரை இன்ஜினை ஓடவிட்டு உட்காரச் சொன்னேன். முதலில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒரு முனை சிக்னல் ஒயரின் நுனியில் அந்த வலையோடு சேர்ந்த வெளி வளையத்தில், மறுமுனை செட்டின் தகர உடம்பில். அவர் ஆக்சிலேட்டரை மிதித்ததும் மீட்டரின் முள் நடுங்கி எழுந்தது. விட்டதும் படுத்தது. மறுபடி மிதித்தார், எழுந்தது. காதால் கேட்க முடியாததை அந்த முள்ளில் பார்த்தேன். சந்தேகமே இல்லை, நான் நினைத்த இடம்தான்.

செட்டை வெளியே இழுத்து, ஒரு துண்டு ஒயரின் ஒரு நுனியை அதன் உடம்பில் ஈயம் வைத்துப் பற்ற வைத்தேன். இப்போது மறுநுனியை வெளி வளையத்தில் தொட வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்தால் மீட்டரைப் பார்க்க முடியாது. அதனால் அவரிடம் சொன்னேன், கியர் கம்பியின் மேல் கையை வைத்துக்கொள்ளுங்கள், விசில் கேட்கும் வரைக்கும் ஒரு விரலைத் தூக்கி வையுங்கள், நின்றால் மடக்குங்கள்.

படுத்துக்கொண்டு பார்த்தேன். விரல் தூக்கியே இருந்தது. நகத்தில் சாக்பீஸ் நீலம். ஒயரைத் தொட்டேன். விரல் மடங்கியது. எடுத்தேன், எழுந்தது. தொட்டேன், மடங்கியது.

இரண்டு தடவையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நான் ஆறேழு தடவை செய்து பார்த்தேன். யாரோ ஒருவர் எனக்காகக் கேட்டு, கேட்டதை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் என் வாழ்க்கையில் அப்படி ஒன்று நடந்ததில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் பற்ற வைத்து, டேப் சுற்றி, செட்டை உள்ளே தள்ளினேன்.

அவர் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நீண்ட நேரம் மிதித்துக் கேட்டார். "சுத்தமா இல்லீங்ணா" என்றார். பாட்டைப் போட்டார். மேளம் சீட்டைப் பிடித்து உலுக்கியது. அவருக்கு அந்த அதிர்வுதான் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், ஊஃபரை எப்போதும் முக்கால் வரை திருகியே வைத்திருப்பார். அது எனக்கும் கேட்டது. அந்த ஒன்று எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி கேட்டிருக்கும்.

பாட்டைக் குறைத்துவிட்டு, எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். சில்வண்டுகள் ஊரை விட்டுப் போய்விட்டதாக நினைத்திருந்ததைச் சொன்னேன். அப்படி ஏமாந்ததை அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

சிரிக்கவில்லை. "எங்க தோட்டத்துல பொழுதோட கத்த ஆரம்பிச்சா நிறுத்தாதுங்க" என்றார். "எங்கப்பன் ஊட்டு முன்னால கட்டல்ல உக்காந்திருப்பாரு. எல்லாம் ஒறங்கிப்போச்சாட்ட இருக்குதும்பாரு. நானும் ஆமாங்கப்பான்னு சொல்லிருவனுங்க."

பிறகு மணியைப் பார்த்து, நேரமாகிவிட்டது, அப்பன் காத்திருப்பார் என்று கிளம்பினார். சாலையில் ஏறித் திரும்பும் வரை மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். எனக்குச் சன்னமான சத்தம் கேட்காது, நான் மீட்டரில் பார்ப்பேன், நீங்கள் கூட உட்கார்ந்து கேட்டுச் சொல்லுங்கள் என்பேன். சிலர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். செவிடன் பாட்டுச் செட் மாட்டுகிறான் என்று ஊருக்குள் ஒரு சிரிப்புப் பேச்சும் கிளம்பியது, அது என் காதுக்கே வந்தது. மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். அப்படி உட்கார்ந்தவர்களுடைய வண்டியில் தப்பு நடக்கவில்லை. எந்த எர்த்தைத் தொடுவதற்கு முன்னாலும் பேட்டரியைக் கழற்றிவிடும் வழக்கமும் வந்தது. வேலை கொஞ்சம் குறைந்தது. என் ஒருவனுக்கு அது போதுமாக இருந்தது.

அந்த அம்மா திரும்பி வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. ஒழுங்காக வேலை செய்த வண்டி எங்களிடம் எதற்கு வரப்போகிறது?

நாலைந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வேலம்பாளையத்தில் ஒருவருக்கு மீட்டர் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு போனேன். அப்படி ஒருவர் அங்கே இல்லை. சலவைச் சட்டை போட்டிருந்தேன். ஷிப்ட் முடிந்து ஜனங்கள் டிபன் கேரியரோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மா தன் யூனிட் வாசலருகே ஒரு டெம்போவில் துணி மூட்டைகளை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துதான் பேசினார்.

"வாங்ணா. என்னுங்க இந்தப் பக்கம்?"

"ஒரு வேலையா வந்தனுங்க. வண்டி நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்க. ஒரு குத்தமும் இல்லீங்க."

அப்படியா, சந்தோஷம் என்றேன். டீ சாப்பிடுகிறீர்களா என்றார். இப்போதுதான் சாப்பிட்டேன் என்றேன், அதுவும் பொய். வண்டியில் ஏதாவது கோளாறு இருந்திருந்தால் பேச எனக்கு எவ்வளவோ இருந்திருக்கும். டெம்போக்காரர் மூட்டைக் கணக்குக் கேட்டுக் கூப்பிட்டார். அந்த அம்மா என்னிடம், இருங்கண்ணா வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் முதுகைத் திருப்பியதும் நான் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டேன்.

பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. தையல் யூனிட்டிலிருந்து வந்த பெண்கள் கூட்டமாக நின்று பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் தோளுக்கு மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்டாள். முகத்தைப் பார்த்தேன், உதடு சரியாகத் தெரியவில்லை. தலையாட்டப் போனவன் நிறுத்திக்கொண்டு, "கேக்கலீங்க, இன்னொருக்கா சொல்லுங்க" என்றேன். பழைய பஸ் ஸ்டாண்டில் இந்த வண்டி நிற்குமா என்று சத்தமாகக் கேட்டாள்.

நிற்கும் என்று சொன்னேன்.